விருந்தாளியாகப் போங்கள்: ஸ்காட்லாந்தின் மரபிசை, நடன மேடை நிகழ்ச்சிக்கு முதல்முறை செல்பவருக்கு

ஸ்காட்லாந்துக்குச் சுற்றிப்பார்க்க வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "பேக்பைப் ஊதி, கட்டம் போட்ட கில்ட் உடுத்தி ஆடுவார்களே, அதை எங்கே பார்க்கலாம்?" பலர் தெருமுனையில் ஊதுபவரை ஐந்து நிமிடம் கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. பக்கத்து ஊர் மண்டபத்தில் அன்று இரவே ஒரு சுற்றுப்பயணக் குழு வாசித்திருக்கும். அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அந்தக் குழுக்கள் மேடையில் நடத்துவதற்குப் பெயர் 'கெய்லி'. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல் இது. 'ஒரு வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவது' என்பதே அதன் மூலப்பொருள். நீண்ட குளிர்கால இரவுகளில் ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். கணப்பைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கதை சொல்வார், ஒருவர் பாடுவார், யாராவது பிடிலை எடுப்பார், மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடுவார்கள். இன்றைக்கு ஐந்தாறு கலைஞர்கள் ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நடத்துவது அந்த வீட்டைத்தான். நிகழ்ச்சியைத் தொகுப்பவருக்கு இன்னும் 'ஃபெர் அன் தைய' என்றே பெயர். பெண் என்றால் 'பென் அன் தைய'. பொருள், வீட்டுக்காரர், வீட்டுக்காரி.

வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றால் நீங்கள் விருந்தாளி. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் ஒரு நல்ல விருந்தாளி எப்படி ஆயத்தமாகிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பற்றியவை.

1. எந்த நிகழ்ச்சி என்று தேர்ந்தெடுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மூன்று வகை உண்டு.

முதலாவது மாபெரும் காட்சி. ஒவ்வோர் ஆகஸ்டிலும் எடின்பரோ கோட்டைக்கு முன்னுள்ள திடலில் நடக்கும் ராயல் எடின்பரோ மிலிட்டரி டாட்டூ அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1950 முதல் நடந்துவருகிறது. பல படைப்பிரிவுகளின் பேக்பைப்காரர்களும் முரசுக்காரர்களும் ஒன்றாக அணிவகுத்து வரும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் அது படைத்துறை விழா. பிடில்காரரின் விரலையோ பாடகியின் முகத்தையோ அங்கே பார்க்க முடியாது.

இரண்டாவது விருந்துடன் கூடிய காட்சி. சுற்றுலாப் பயணிகளுக்காக ஹோட்டல்களில் நடத்துவது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாடகர் ஹாரி லாடர் (1870–1950) கில்ட்டும் வளைந்த கைத்தடியுமாக உலகம் முழுக்க மேடையேறினார். பிறகு 1958 முதல் 1968 வரை பிபிசி தொலைக்காட்சியில் வந்த 'ஒயிட் ஹெதர் கிளப்' அந்தத் தோரணையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. ஸ்காட்லாந்திலேயே இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்தத் தொலைக்காட்சி மேடையில் அக்கார்டியன் வாசித்த ஜிம்மி ஷாண்டைப் போல நடனத்துக்குத் தாளம் பிடித்து வாசித்தவர்கள் குறைவு. ஆனாலும் முதல்முறை பார்ப்பவருக்கு இந்த வகையை நான் பரிந்துரைப்பதில்லை. தட்டு, கத்திச் சத்தத்துக்கு நடுவே இசை பின்னணியாகிவிடுகிறது.

மூன்றாவது, சிறிய அரங்குகளுக்கும் ஊர் மண்டபங்களுக்கும் வரும் சுற்றுப்பயணக் குழு. இதையே தேடுங்கள்.

விளம்பரத் தாளைப் பார்த்தே ஓரளவு தரம் கண்டுபிடிக்கலாம். கலைஞர்களின் பெயரும் அவரவர் கருவியும் அச்சாகியிருக்கிறதா? கேலிக் பாடகர் ஒருவராவது இருக்கிறாரா? நடனத்துக்கு மேடையிலேயே வாசிக்கிறார்களா, ஒலிப்பதிவா? கடைசியில் பார்வையாளர்களும் ஆட இடம் விட்டிருக்கிறார்களா? நான்கில் மூன்றுக்கு 'ஆம்' என்றால் தயங்காமல் போகலாம். ஒலிப்பதிவுக்கு ஆடும் நிகழ்ச்சி என்றால் தவிர்த்துவிடுங்கள். ஆடுபவரின் குதிப்பைப் பார்த்தே வாசிப்பவர் வேகத்தைத் தீர்மானிக்கிறார். அந்தக் கண்பேச்சு இல்லாவிட்டால் பாதி உயிர் போய்விடுகிறது.

2. காலமும் இடமும்

கோடையில் வருகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை 'கெய்லி டிரெயில்'. இளம் கலைஞர்கள் சிறு குழுவாக வடமேற்கு மலைநாட்டின் ஊர்களில் ஒவ்வொரு மாலையும் ஓரிடமாக வாசித்துக்கொண்டே போவார்கள். டிங்வால் ஊரைத் தளமாகக் கொண்ட ஃபேஷ் ரோஷ் அமைப்பு இதை நடத்துகிறது. 'ஃபேஷ்' என்றால் திருவிழா; பிள்ளைகள் கூடி மரபிசை கற்கும் முகாம்களுக்கு இன்று அதுவே பெயர். 1981இல் பார்ரா என்ற சின்னஞ்சிறு தீவில் தங்கள் பிள்ளைகளிடம் பாட்டும் மொழியும் நழுவிப்போவதைக் கண்டு உள்ளூர் மக்கள் இதைத் தொடங்கினார்கள். இன்றைக்கு மேடைகளில் வாசிக்கும் இளைஞர்களில் ஏராளமானோர் இந்த முகாம்களில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவது எனக்குத் தனி மகிழ்ச்சி.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஜனவரியில் கிளாஸ்கோவுக்குப் போகலாம். 1994 முதல் நடக்கும் 'கெல்டிக் கனெக்ஷன்ஸ்' விழாவில் நகரத்தின் பல அரங்குகளில் வாரக்கணக்கில் நிகழ்ச்சிகள் இருக்கும். கேலிக் பாட்டுதான் வேண்டும் என்பவர்களுக்கு அக்டோபரில் ஆண்டுக்கோர் ஊரில் நடக்கும் 'மோட்' என்ற போட்டி விழா. முதல் மோட் 1892இல் ஓபன் நகரில் நடந்தது. இன்வெர்னஸில் ஈடன் கோர்ட், ஸ்டோர்னவேயில் அன் லன்டைர் ஆகிய அரங்குகளின் பட்டியலை எந்தக் காலத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மலைநாட்டு மக்கள் பெருமளவில் குடியேறிய கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கும் இந்தக் குழுக்கள் போகின்றன. அங்கே வசிப்பவர்கள் பயணச்செலவு இல்லாமலே பார்த்துவிடலாம். கனடாவின் கேப் பிரெட்டன் தீவு, ஸ்காட்லாந்திலேயே தேய்ந்துபோன பழைய தட்டடி நடனத்தையும் பிடில் பாணியையும் காத்து வைத்திருக்கும் இடம். அங்கே ஒரு கெய்லிக்குப் போக வாய்த்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

தீவுகளில் நிகழ்ச்சி என்றால் முதலில் கப்பல் நேரத்தைப் பாருங்கள். அல்லபூலிலிருந்து ஸ்டோர்னவேக்குக் கப்பல் இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கும். காற்று பலமாக அடித்தால் ஓடாமலும் போகும். நிகழ்ச்சி நாளன்றே கடல் கடக்கும்படி திட்டமிடாதீர்கள். ஸ்டோர்னவே இருக்கும் லூயிஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் இன்றும் மதிக்கப்படுகிறது. வழக்கமான ஞாயிறு கப்பலே 2009இல்தான் தொடங்கியது. அன்று கெய்லி தேடி அலைய வேண்டாம்.

இருக்கை விஷயம் இது. ஊர் மண்டபங்களின் தரை சமதளம், நாற்காலிகள்தான் வரிசைகள். இங்கே பார்க்க வேண்டியவை பாதங்கள். ஆகவே சீக்கிரம் போய் முதல் வரிசையிலோ நடைபாதை ஓரத்திலோ உட்காருங்கள். படியரங்கம் என்றால் நடு வரிசைகள் நல்லவை.

3. கண்ணுக்கு முன் காதைத் தயார்செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் உடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கில்ட்டுக்கு ஏழெட்டு கெஜத் துணி போகும், அது சுழலும்போது அழகு, எல்லாம் சரி. ஆனால் காது திறக்காவிட்டால் அரைமணி நேரத்தில் 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று தோன்றிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே, நாளுக்குப் பத்து நிமிடம், பதிவுகளைக் கேட்டுப் பழகுங்கள். எதைக் கேட்பது என்று சொல்கிறேன்.

முதலில் தாளம். ரீல் என்பது வேகமான சதுஸ்ரம். தகதிமி தகதிமி என்று வாய்க்குள் சொல்லிப் பாருங்கள், அப்படியே உட்காரும். ஜிக் என்றால் திஸ்ர ஓட்டம்: தகிட தகிட. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் நிகழ்ச்சியின் பாதி உங்கள் கைக்குள் வந்துவிட்டது.

மூன்றாவது, ஸ்காட்லாந்துக்கே உரியது: ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கியது. இதன் உயிர், விரலால் சுண்டுவதுபோன்ற ஒரு சுண்டல். குறுகிய ஒலி முதலில் அழுத்தத்துடன் விழுந்து, நீண்ட ஒலி அதைத் தொடரும். தமிழ் படித்தவர்களுக்கு இது எளிது. குறிலை அடுத்து நெடில். நிலா, பலா, விழா, கனா என்று முதலெழுத்தை அடித்துச் சொல்லுங்கள். இடையிடையே நெடிலும் குறிலுமாக மாறி, ஆறு, காடு, வீடு என்றும் வரும். 'நிலா, வீடு, விழா, காடு' என்று நிதான நடையில் சொல்லிக்கொண்டே காலை மாற்றி வைத்துப் பாருங்கள். ஸ்ட்ராத்ஸ்பேயின் நடை உங்கள் உடம்புக்குள் வந்துவிடும். வாசிப்பவர்கள் ஸ்ட்ராத்ஸ்பேயில் நிதானமாகத் தொடங்கி, மூச்சு விடாமல் ரீலுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலுக்காகவே நான் மீண்டும் மீண்டும் போகிறேன்.

அடுத்து மெட்டின் கட்டமைப்பு. பெரும்பாலான நடன மெட்டுகள் 32 பார்கள் (தாள அளவுகள்). முதல் பகுதி எட்டு பார், அதையே மறுபடி. இரண்டாம் பகுதி எட்டு பார், அதையே மறுபடி. இரண்டாம் பகுதி பொதுவாக மேல்ஸ்தாயியில் எழும், பல்லவிக்குப் பின் அனுபல்லவி எழுவதைப் போல. இப்படி இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து இடைவெளியின்றி வாசிப்பதற்கு 'செட்' என்று பெயர். மெட்டு மாறும் நொடியில் சுருதியும் மாறினால் கூட்டத்திலிருந்து ஓர் உற்சாகக் கூவல் எழும். அது முடிவு இல்லை. கருவிகள் நிற்கும்வரை பொறுங்கள்.

இப்போது பேக்பைப். ஜனவரி 29 அன்று டெல்லியில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் இந்தியப் படை வீரர்கள் இதை வாசிப்பதைத் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீர்கள். அருகில் கேட்பது வேறு அனுபவம். கருவியின் உள்ளமைப்பு தெரிந்தால் காது தானே வழிவிடும். இடது கையின் கீழ் ஒரு பை. அதிலிருந்து தோள்மேல் நிற்கும் மூன்று குழல்கள் ஒத்து பிடிக்கின்றன. இரண்டு ஒரே சுருதியில் கீழ்ஸ்தாயி சட்ஜம், நீளமான மூன்றாவது அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. முன்னால் விரல் வைத்து வாசிக்கும் குழல் 'சாண்டர்'. அதில் ஒன்பதே ஸ்வரங்கள். ஒத்தைச் சட்ஜமாகக் கொண்டால் ஹரிகாம்போஜிக்கு நெருக்கமான வரிசை. அதனால்தான் நம் காதுக்கு அது அவ்வளவு அந்நியமாக இருப்பதில்லை.

முக்கியமான செய்தி இனிமேல்தான். இந்தக் குழலை நடுவில் நிறுத்த முடியாது, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. அப்படியானால் ஒரே ஸ்வரத்தை இருமுறை வாசிப்பது எப்படி? இரண்டுக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு ஸ்வரத்தை வெட்டிப் போடுவார்கள். அந்தப் பொடிவெட்டுகளின் துல்லியத்தில் வாசிப்பவரின் தேர்ச்சி முழுவதும் தெரியும். அவர் விரல்களைப் பாருங்கள். அந்த நறுக்குகளை எண்ண முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும். இன்னொன்று: தொடங்கும் முன் அவர் தோள்குழல்களின் இணைப்புகளை மேலும் கீழும் நகர்த்துவார். அப்போது ஒலியில் ஓர் அலையடிப்பு கேட்கும், 'வவ்-வவ்-வவ்' என்று. சுருதி நெருங்க நெருங்க அலை மெதுவாகி, ஒரு கணத்தில் மறைந்து, மூன்று குழல்களும் ஒரே தூணாக நிற்கும். புதியவர்கள் பலர் அந்தக் கணத்தைப் பேசிக்கொண்டே தவறவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

உள்ளரங்கில் இதன் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் காது மூடி எடுத்துச்செல்ல வேண்டும். பெரியவர்களுக்குக் காதடைப்பான் நல்லது. குழுவோடு சேர்ந்து வாசிக்க, முழங்கையால் துருத்தி அமுக்கும் 'ஸ்மால்பைப்' என்ற மென்மையான தம்பி ஒருவர் இருக்கிறார். அது வந்தால் காதடைப்பானை எடுத்துவிடுங்கள்.

பிடில் நம் வயலின்தான். பிடில் மெட்டுகளின் பெருமரபு பெர்த்ஷயரைச் சேர்ந்த நீல் கோ (1727–1807) போன்றவர்களிடமிருந்து வருகிறது. ரேபர்ன் தீட்டிய அவருடைய ஓவியம் எடின்பரோவின் உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. பிடிலைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி, கட்டம் போட்ட காற்சட்டையில் அமர்ந்திருப்பார். நேரமிருந்தால் நிகழ்ச்சிக்கு முன் போய்ப் பாருங்கள். கிளார்சாக் என்ற சிறு யாழும் சில குழுக்களில் இருக்கும். இடைக்காலத்திலிருந்து தப்பிய கேலிக் யாழ்கள் உலகில் மூன்றே. அவற்றில் இரண்டு எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

4. நிகழ்ச்சி நடக்கும்போது எதைக் கவனிப்பது

கேலிக் பாட்டுக்கு வருவோம். மொழி தெரியவில்லையே என்று பின்வாங்க வேண்டாம். பாட்டின் கதையை வீட்டுக்காரர் முன்கூட்டியே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். இருவகைப் பாட்டுகளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஒன்று, துணி தப்பும் பாட்டு. தீவுகளில் தறியிலிருந்து வந்த கம்பளித் துணியை நனைத்து, பெண்கள் நீள்பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பலகையில் ஓங்கி ஓங்கித் தப்பிச் சுருங்கவைப்பார்கள். துணி கை மாறிக் கை மாறிச் சூரியன் போகும் திசையில் வட்டமாக நகரும். ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவர்கள் பொருளில்லாத ஓசைகளால் ஆன பின்பாட்டை எடுப்பார்கள். நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் கேட்டவர்களுக்கு இதன் மூச்சு உடனே புரியும். மேடையில் சில குழுக்கள் மேசைமேல் ஒரு துணியை விரித்தே இதைச் செய்கின்றன. நான் பார்த்த ஒரு மாலையில் பாடகி முன்வரிசையிலிருந்து ஆறு பேரை அழைத்து உட்காரவைத்தார். ஈரத்துணி பலகையில் 'தப்' என்று விழும் ஓசைக்குக் கூட்டமே மூன்றாவது அடியில் பின்பாட்டைப் பிடித்துக்கொண்டது. பின்பாட்டுக்கு உங்களை அழைத்தால் பாடுங்கள். பொருளில்லாத ஓசைதான், தவறாகப் பாட வழியே இல்லை.

மற்றொன்று, வாய்மெட்டு. கருவி இல்லாத வீட்டில் ஆடுவதற்காக ரீலையும் ஜிக்கையும் வாயாலேயே பாடுவது. அர்த்தத்தைவிட நா புரளும் வேகத்துக்கே அங்கே மதிப்பு. சொல்லுக்கட்டு ரசிப்பவர்கள் இதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நடனத்தில் தனியாட்டம் மூன்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம். 'ஹைலண்ட் ஃபிளிங்' ஒரே இடத்தில் நின்று ஆடுவது. இதன் கடினம் முதல் பார்வையில் தெரியாது. ஆடுபவரின் நிலைக்காலுக்குக் கீழே தரையில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடியும்போதும் அவர் அதே புள்ளியில் இருப்பார். குதிகால் தரையைத் தொடாது. மெல்லிய தோல் செருப்பு பலகையில் படும் ஓசை, முன்வரிசையில் இருந்தால், ஒரு தட்டு மாதிரிகூட இல்லாமல் ஒரு பெருமூச்சு மாதிரி கேட்கும். தலைக்குமேல் வளைந்த கைகள் கலைமானின் கொம்புகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள்.

வாள் நடனத்தில் இரண்டு வாள்கள் தரையில் குறுக்காகக் கிடக்கும். அவற்றின் நான்கு கட்டங்களுக்குள்ளும் மேலும் ஆடுவது. போட்டி என்றால் வாளை நகர்த்திவிட்டவர் விலக்கப்படுவார். போருக்கு முன்னிரவில் வீரர்கள் ஆடியது, வாளைத் தொட்டால் கெட்ட சகுனம் என்றொரு கதை வழங்குகிறது. நடுவில் ஆடுபவர் ஒரு கைதட்டுத் தட்டுவார். அது வாசிப்பவருக்கான சைகை, 'வேகம் கூட்டு' என்று. அதைக் கேட்டதும் நீங்களும் நிமிர்ந்து உட்காருங்கள்.

மூன்றாவது 'ஷான் ட்ரூஸ்'. கேலிக்கில் 'பழைய காற்சட்டை' என்று பொருள். பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் 1746 ஏப்ரலில் கலோடன் போரில் தோற்றபின் மலைநாட்டு ஆடவர் தங்கள் உடையை அணியத் தடை வந்தது; 1782இல்தான் நீங்கியது. வேண்டாவெறுப்பாக மாட்டிய காற்சட்டையை உதறும் அசைவே இதன் தொடக்கம் என்பார்கள். இதை ஒட்டி ஒரு குறிப்பு: பேக்பைப்பும் அந்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது என்று மேடையில் சொல்லக் கேட்கலாம். சட்ட வாசகத்தில் பேக்பைப் இல்லை. ஆனால் ஜேம்ஸ் ரீட் என்ற பேக்பைப்காரர் 1746இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார் என்பது உண்மை. அவர் ஆயுதம் ஏந்தவில்லை என்ற வாதத்தை, அந்தக் கருவியே போர்க்கருவிதான் என்று சொல்லி நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்த ஒரு செய்தி போதும், அடுத்தமுறை அந்த ஒலியைக் கேட்கும்போது அதன் கனம் தெரிய.

எப்போது கைதட்டுவது என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. ரீலுக்குத் தாளம் தட்டலாம், வீட்டுக்காரர் தட்டத் தொடங்கிய பிறகு. ஸ்ட்ராத்ஸ்பேக்குத் தட்ட வேண்டாம்; அதன் சுண்டல் உங்கள் தட்டலில் நசுங்கிவிடும். துணையில்லாமல் ஒருவர் தனியாகப் பாடும்போதும், பிடிலில் மெதுவான மெட்டு வரும்போதும் அசையாமல் இருங்கள். 'பீப்ரொக்' என்ற பெருவடிவத்தைப் பேக்பைப்காரர் வாசித்தால் அது உங்கள் பேறு. ஒரு மெட்டில் தொடங்கி, அதைப் படிப்படியாக விரித்து, அலங்காரங்கள் அடர்ந்து, கடைசியில் தொடக்க மெட்டுக்கே திரும்பும் வடிவம் அது. நெடுநேரம் போகும். ஆலாபனை கேட்கும் பொறுமையோடு கேளுங்கள்.

5. இடைவேளை

சட்டைப்பையில் சில்லறை வைத்திருங்கள். ஊர் மண்டபங்களில் பரிசுச்சீட்டு விற்பார்கள்; அந்தப் பணம் பெரும்பாலும் மண்டபத்தின் கூரைக்கோ அடுத்த நிகழ்ச்சிக்கோ போகும். வாங்குங்கள். தேநீரும் ஊர்ப் பெண்கள் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த கேக்கும் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் 'எந்த ஊர்?' என்று கேட்க இதுவே நேரம். அவர் பெரும்பாலும் மேடையில் இருப்பவர்களில் ஒருவருக்கு மாமாவாகவோ ஆசிரியராகவோ இருப்பார்.

6. எழுந்து ஆடுங்கள்

பல குழுக்கள் கடைசி அரைமணியில் நாற்காலிகளை ஒதுக்கச் சொல்லும். பலர் இந்த நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு நழுவப் பார்ப்பார்கள். இருங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வீட்டுக்காரர் அசைவுகளைச் சொல்லித்தருவார், ஒருமுறை நடந்து பார்க்கவும் வைப்பார். அடி சறுக்காத, தட்டையான காலணி போதும். கில்ட் தேவையில்லை. மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

முதலில் வருவது அநேகமாக 'கே கார்டன்ஸ்'. இருவர் இருவராக, அறையைச் சுற்றி வட்டமாக, ஒரே திசை பார்த்து நிற்பார்கள். இடப்பக்கம் நிற்பவர் தன் வலக்கையைத் துணைவரின் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய் அவருடைய வலக்கையைப் பிடிப்பார். இடக்கைகள் முன்னால் சேர்ந்திருக்கும். நான்கு அடி முன்னே நடங்கள். நான்காவதில் கையை விடாமலே முகத்தைப் பின்பக்கம் திருப்பி, போன திசையிலேயே நான்கு அடி பின்னோக்கி நடங்கள். பிறகு இதையே எதிர்த்திசையில்: நான்கு முன்னே, திரும்பி, நான்கு பின்னே. இப்போது இடக்கையை விட்டுவிட்டு, வலப்பக்கம் நிற்பவர் துணைவரின் வலக்கைக்கு அடியில் எட்டு எண்ணிக்கைக்குச் சுழல்வார். கடைசி எட்டில் இருவரும் எதிரெதிராகப் பிடித்துக்கொண்டு துள்ளிச் சுற்றியபடி வட்டத்தில் நகர்வார்கள். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. புதியவர்கள் தடுமாறுவது அந்த 'திரும்பிப் பின்னே நட' என்ற இடத்தில் மட்டும். உடம்பு போகும் திசை மாறாது, முகம்தான் மாறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தடுமாற்றம் நின்றுவிடும்.

'டேஷிங் ஒயிட் சார்ஜென்ட்' மூவர் மூவராக ஆடுவது. ஒற்றையாக வந்தவர்களுக்கும், குடும்பமாக வந்து ஜோடி சேரக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இதுவே ஏற்றது. நடுவில் தெரிந்தவர் ஒருவரை நிறுத்தி, நீங்கள் ஓரத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எதிரில் புதிய மூவர் வருவார்கள். நான்கைந்து சுற்றுக்குள் மண்டபத்தில் பாதிப்பேருக்குக் கை கொடுத்திருப்பீர்கள்.

'ஸ்ட்ரிப் தி வில்லோ' பெருஞ்சுழல். எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே ஒருவர் தன் துணைவரோடும் வரிசையில் இருப்பவரோடும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே கீழே இறங்குவார். துணைவருக்கு வலக்கை, மற்றவர்களுக்கு இடக்கை. விரலைக் கோத்துக்கொள்ளாதீர்கள், மணிக்கட்டு சுளுக்கும், முழங்கையைப் பிடியுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் இதில் ஓரமாக நின்று தாளம் தட்டலாம். ஆடும் வரிசைக்குள் புகுந்து படமெடுக்காதீர்கள். சுழன்று வருபவருக்கு உங்களைப் பார்க்க நேரமிருக்காது.

7. கடைசிச் சுற்று

விளக்குகள் முழுவதும் எரியும்போது எல்லோரும் ஒரே வட்டமாகக் கைகோத்து நின்று ராபர்ட் பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்' பாடுவது வழக்கம். ஒரு நுணுக்கம்: தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டாம். சாதாரணமாகக் கைபிடித்து நில்லுங்கள். நட்புக் கரம் நீட்டும் கடைசிச் சரணம் வரும்போது மட்டும் வலக்கையை இடப்பக்கத்தவருக்கும் இடக்கையை வலப்பக்கத்தவருக்கும் மாற்றிக் கொடுங்கள். சொல் தெரியாவிட்டால் மெட்டை முணுமுணுத்தால் போதும்.

கலைஞர்கள் வாசலருகே ஒரு மேசையில் குறுந்தட்டுகளை வைத்திருப்பார்கள். உங்களுக்குப் பிடித்த மெட்டு எந்த இடத்தில் வந்தது என்று சொல்லி அதன் பெயரைக் கேளுங்கள். "வாள் நடனத்துக்கு அப்புறம், ஜிக்கிலிருந்து ரீலுக்கு மாறினீர்களே, அது" என்று சொன்னால் அவர்கள் முகம் மலரும். பெயரோடு, யாரிடமிருந்து கற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தரச்சொல்லி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வேறொரு ஊரில் வேறொருவர் அதை வாசிக்கும்போது உங்களுக்குத் தெரியும்.

வெளியே போகும் முன் மண்டபத்தைத் திரும்பிப் பாருங்கள். யாராவது நாற்காலிகளை ஐந்து ஐந்தாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த வரிசையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.